ரப்பர் ட்ராக்கின் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

#1 கேலாங்வாசி

அண்ணன்மார்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் கேலாங் பக்கம் ஒரு வடிகால் வேலை ஓடுகிறது. எங்களிடம் இருப்பது மூன்றரை டன் மினி எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் சின்ன வண்டி). சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான ரப்பர் ட்ராக் இரண்டும் வெடித்து உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிப் புதிதாக மாட்டி வாங்கினோம். முன்பு இருந்தது கட்டம் கட்டமான பிளாக் டிசைன். இப்போது வந்திருப்பது வி வடிவ டிசைன்.

வண்டி லாரியிலிருந்து இறங்கியதும் கவனித்தேன். இடப்பக்க ட்ராக்கில் வி ஒரு பக்கம் பார்க்கிறது, வலப்பக்கத்தில் அதற்கு நேர் எதிராகப் பார்க்கிறது. ஒர்க்‌ஷாப்பில் போன் போட்டுக் கேட்டால், "ரப்பருக்கு ஏது திசை, ஓட்டுங்கள்" என்கிறார்கள். தார் ரோட்டில் வண்டி நேராகத்தான் போகிறது. ஆனால் தோண்டிப் போட்ட சாம்பல் களிமண்ணில் மழைக்குப் பிறகு ஏறினால் வலப்பக்கம் இழுக்கிறது. இரண்டு லிவரையும் சமமாகத் தள்ளினாலும் அதே கதைதான்.

போர்மேன், வண்டி ஓடினால் போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. திசை முக்கியமா இல்லையா? முக்கியம் என்றால் இரண்டில் எது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#2 துவாஸ் ஆபரேட்டர்

தம்பி, நான் பல வருஷமாகச் செயின் வண்டி ஓட்டுகிறேன். எக்ஸ்கவேட்டர் கார் மாதிரி முன்னே மட்டும் போவதில்லை. பாதி நேரம் பின்னால்தான் வருகிறோம். ஒரு திசைக்கு நல்லது என்றால் மறு திசைக்குக் கெட்டது, கணக்கு சமமாகிவிடும். இதற்காக வேலையை நிறுத்தி ட்ராக்கைக் கழற்ற வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

#3 பொங்கோல் ராஜா

பிளாக் டிசைனுக்குத் திசை கிடையாது, எப்படி மாட்டினாலும் ஒன்றுதான். குறுக்குப் பட்டை டிசைனும் அப்படியே. வி டிசைனுக்குத் திசை உண்டு. பெரும்பாலும் ரப்பரிலேயே அம்புக்குறி அச்சாகி இருக்கும். சேற்றைக் கழுவிவிட்டுத் தேடிப் பாருங்கள்.

#4 கிராஞ்சி மெக்கானிக்

திசை முக்கியம்தான் தம்பி. ஆனால் அதற்கு முன் வேறு ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு டிசைன் மட்டும் காரணமில்லை. ஒரு பக்க ட்ராக் தளர்ந்திருந்தாலும் இழுக்கும், ஒரு பக்க டிராவல் மோட்டார் (ட்ராக்கை ஓட்டும் மோட்டார்) பலவீனமாக இருந்தாலும் இழுக்கும். இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி, சமமான காங்கிரீட் தரையில் நீளமாக ஓட்டிப் பார்ப்பது. கெட்டித் தரையில் ரப்பரின் மேல்பரப்புதான் பிடிக்கிறது, டிசைனின் பள்ளம் மேட்டுக்கு அங்கே வேலை இல்லை. காங்கிரீட்டிலும் இழுத்தால் மோட்டார் பக்கமோ டென்ஷன் பக்கமோ போய்ப் பாருங்கள். களிமண்ணில் மட்டும் இழுத்தால் டிசைன் மேல் சந்தேகப்படலாம். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. வலப்பக்கம் இழுக்கிறது என்றால் வலப்பக்க ட்ராக்தான் வழுக்குகிறது, பிடிப்புள்ள இடப்பக்கம் முந்திக்கொண்டு போகிறது.

அடுத்து, எது "முன்பக்கம்". இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். கேபின் எந்தப் பக்கமும் சுற்றும், அதை வைத்து முன்பக்கம் தீர்மானிக்கக் கூடாது. கீழ்ப்பகுதியைப் பாருங்கள். மினி எக்ஸ்கவேட்டரில் பல் உள்ள ஸ்ப்ராக்கெட்டும் அதற்குள் டிராவல் மோட்டாரும் இருப்பது பின்பக்கம். பல் இல்லாத ஐட்லர் சக்கரமும் மண் தள்ளும் பிளேடும் இருப்பது முன்பக்கம். கேபின் பின்னால் திரும்பி நின்றாலும் இது மாறாது.

ஒர்க்‌ஷாப்பில் எப்படி இது எதிரெதிராக வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ட்ராக் மாட்டுகிறவர் வண்டிக்கு வெளியே, பக்கவாட்டில், ட்ராக்கைப் பார்த்தபடி நிற்பார். இடப்பக்கம் நின்றால் வண்டியின் முன்பக்கம் அவருடைய இடக்கைப் பக்கம் இருக்கும். வேலையை முடித்துச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தால், அதே முன்பக்கம் இப்போது வலக்கைப் பக்கம் வந்துவிடும். இரண்டு பக்கமும் "அம்புக்குறி என் இடக்கைப் பக்கம்" என்றே நினைத்து மாட்டினால் ஒன்று சரியாகவும் ஒன்று தலைகீழாகவும்தான் வரும். இதைத் தவிர்க்க என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு நான் சொல்வது: மேல் ஓட்டத்தில், அதாவது ட்ராக்கின் மேல் பாதியில், இருக்கும் அம்பு, இடப்பக்க ட்ராக்கில் உன் இடக்கையைக் காட்ட வேண்டும், வலப்பக்க ட்ராக்கில் உன் வலக்கையைக் காட்ட வேண்டும்.

#5 தஞ்சை நெல்

ஊரில் டிராக்டர் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். டிராக்டர் பின்சக்கரத்தில் இருக்கும் பட்டைகளும் இதே வி வடிவம்தான். வி-யின் கூர்முனை முதலில் மண்ணைத் தொட வேண்டும், விரிந்த கைகள் பிறகு தொட வேண்டும். அப்போதுதான் சேறு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒதுங்கி வெளியே விழும். தலைகீழாக மாட்டினால் கைகள் முதலில் இறங்கிச் சேற்றை நடுப்பக்கம் தள்ளும். சேறு அங்கேயே அடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சக்கரம் மொழுமொழு என்று ஆகிவிடும். சேற்று வயலில் இறங்கினால் இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

எது சரி என்று பார்க்க வண்டிக்குக் கீழே குனியவே வேண்டாம். ஈர மண்ணில் முன்பக்கமாகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கித் தடத்தைப் பாருங்கள். வி-யின் திறந்த வாய் வண்டி போன திசையைப் பார்த்தால் சரி. கூர்முனை போன திசையைப் பார்த்தால் தலைகீழ்.

#6 துவாஸ் ஆபரேட்டர்

தடத்தில் கூர்முனை பின்னால் இருந்தால் சரி என்கிறீர்களா? கேட்கவே நேர்மாறாக இருக்கிறதே. கூர்முனைதானே முன்னே போக வேண்டும்?

#7 தஞ்சை நெல்

கூர்முனை முதலில் மண்ணைத் தொடுகிறது. வண்டி முன்னே நகர நகர, அடுத்தடுத்துத் தொடும் பாகங்கள் அதற்கு முன்னால்தான் பதியும். ஆகவே முதலில் தொட்ட கூர்முனை தடத்தில் பின்னால் நிற்கும், கைகள் முன்னால் விரிந்திருக்கும். வண்டிக்கு முன்னால் நின்று ஐட்லர் பக்கம் பார்த்தால் கூர்முனை கீழே பார்க்கும். பின்னால் போய் ஸ்ப்ராக்கெட் பக்கம் பார்த்தால் மேலே பார்க்கும். எல்லாம் ஒரே வளையம்தான், பார்க்கும் இடம் மாறுகிறது.

#8 கேலாங்வாசி

ரொம்ப நன்றி அண்ணே. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். காங்கிரீட்டில் நேராகப் போகிறது. களிமண்ணில் ஓட்டித் தடத்தைப் பார்த்ததும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. இடப்பக்கத் தடத்தில் வி-யின் வாய் வண்டி போன திசையைப் பார்க்கிறது. வலப்பக்கத் தடத்தில் கூர்முனை முன்னால் நிற்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். இடப்பக்கத் தடம் ஒவ்வொரு வி-யும் வெட்டி வைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது. வலப்பக்கத் தடத்தில் நடுப்பாகம் இழுபட்டு மழுங்கியிருக்கிறது, ட்ராக்கின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் களிமண் அப்பியிருக்கிறது.

வலப்பக்க ட்ராக்கைக் கழுவியபோது பக்க விளிம்பில் அம்புக்குறியும் கிடைத்தது. மேல் ஓட்டத்தில் அது பின்பக்கம், ஸ்ப்ராக்கெட்டைக் காட்டுகிறது.

#9 உட்லண்ட்ஸ் பிரியன்

அப்படியென்றால் சுலபம். கார் டயர் மாதிரி இடப்பக்க ட்ராக்கையும் வலப்பக்க ட்ராக்கையும் இடம் மாற்றிவிடுங்கள். சரியாகிவிடும்.

#10 கிராஞ்சி மெக்கானிக்

இல்லை, ஆகாது. காரில் சக்கரத்துக்கு வெளிமுகம் உள்முகம் உண்டு. வலப்பக்கச் சக்கரத்தை இடப்பக்கம் கொண்டுபோனால் வெளிமுகம் வெளியே வருவதற்காக அதை அரை வட்டம் திருப்பித்தான் மாட்டுகிறோம், அதனால் சுழலும் திசை மாறுகிறது. ட்ராக்குக்கு அந்த வெளிமுகம் உள்முகம் கிடையாது. அப்படியே தூக்கி மறுபக்கம் வைத்தால் அம்பு பழையபடி அதே திசையைத்தான் பார்க்கும். இவருடைய வண்டியில் ஒரு பக்கம் ஏற்கெனவே சரி, அதைத் தொடவே வேண்டாம். வலப்பக்க ட்ராக்கை மட்டும் கழற்றி, தரையில் அரை வட்டம் திருப்பி, அதே பக்கம் மாட்டினால் போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உட்பக்கத்தில் வரிசையாக நிற்கும் இரும்புப் பற்கள் சில ட்ராக்குகளில் சரிநடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். அப்படிப்பட்டதை அதே பக்கத்தில் திருப்பினால் அகலமான பாகம் உட்பக்கம் வந்து சட்டத்தில் உரசும். அந்த வகையை மட்டும் அதே பக்கத்தில் திருப்பி மாட்டக் கூடாது. ஆகவே கழற்றுவதற்கு முன், பற்களின் இரண்டு பக்கமும் ரப்பர் அகலம் சமமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

#11 துவாஸ் ஆபரேட்டர்

சரி, தடம் சாட்சி சொல்லிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. பின்னால் வரும்போது இரண்டுமே தலைகீழாகத்தானே வேலை செய்யும்? அப்புறம் அம்புக்கு என்ன மதிப்பு?

#12 கிராஞ்சி மெக்கானிக்

நியாயமான கேள்வி. பின்னால் வரும்போது வி-யின் பிடிப்பு குறைவது உண்மைதான். இரண்டு பக்கமும் ஒன்றாகக் குறைந்தால் பரவாயில்லை, வண்டி நேராக வரும். இவருடைய வண்டியில் எந்தத் திசையில் போனாலும் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும். லாரிச் சரிவுத் தகட்டில் சேறு அப்பிய ட்ராக்குடன் ஏறும்போது வண்டி பக்கவாட்டில் இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தகட்டின் மேல் லிவரைத் திருப்பித் திசை மாற்றவே கூடாது. அங்கே போய் இழுப்பைச் சமாளிக்கலாம் என்று நினைப்பது ஆபத்து.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஸ்ப்ராக்கெட் பின்னால் இருக்கும்படி முன்னே போகும்போது அது தரையில் கிடக்கும் கீழ் ஓட்டத்தை நேராகப் பிடித்து இழுக்கிறது. இழுவிசை கீழேயே முடிந்துவிடும், மேல் ஓட்டம் இளைப்பாறும். பின்னால் வரும்போது ஸ்ப்ராக்கெட் மேல் ஓட்டத்தை இழுக்கிறது. அந்த இழுவிசை ஐட்லரைச் சுற்றி வந்து கீழே சேர்கிறது. தளர்வு கீழ்ப்பக்கம், ஸ்ப்ராக்கெட்டுக்குப் பக்கத்தில் சேரும். ட்ராக் தளர்ந்திருந்தால் அங்கேதான் பல் தாவும், திரும்பும்போது கழன்றும் போகும். தூரமாகப் போக வேண்டியிருந்தால் ஸ்ப்ராக்கெட்டைப் பின்னால் வைத்துப் போங்கள் என்று சொல்வது இதனால்தான். அம்பும் அந்தப் பயணத்தை வைத்தே போடப்படுகிறது.

#13 ஆல்பர்ட்டா பனி

யீஷூனில் வளர்ந்தவன், இப்போது கனடாவில் ஸ்னோமொபில் (பனியில் ஓடும் வண்டி) பழுது பார்க்கும் கடையில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் குளிர்காலம் தொடங்கினால் இங்கேயும் இதே கேள்விதான்.

ஸ்னோமொபிலுக்கும் ஒரே வளையமான ரப்பர் ட்ராக்தான், ஆனால் ஒன்றே ஒன்று, வண்டியின் அடியில் நடுவில் ஓடும். 1959-இல் வந்த ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபில் காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. வெளிப்பக்கம் ரப்பர்த் துடுப்புகள் வரிசையாக நிற்கும். பாதையில் ஓட்டும் வண்டிக்கு ஒன்றேகால் அங்குல உயரம் இருக்கும். மலைப்பனிக்கு மூன்று அங்குலம் வரை போகும். பல ட்ராக்குகளில் இந்தத் துடுப்பு தட்டையாக இருக்காது, கரண்டி மாதிரி உட்குழிந்திருக்கும். குழிந்த முகம் பனியை அள்ளிப் பிடித்துப் பின்னால் தள்ள வேண்டும். திருப்பி மாட்டினால் குவிந்த முகம் பனியைத் தள்ளும், பனி இரண்டு பக்கமும் நழுவிவிடும். கெட்டிப் பாதையில் வித்தியாசம் அவ்வளவு தெரியாது. இடுப்பளவு புதுப்பனியில் வண்டி முன்னே போகாமல் அங்கேயே குழி பறித்து உட்கார்ந்துவிடும்.

அம்புக்குறி விதி இரண்டுக்கும் ஒன்றுதான்: வண்டி முன்னே போகும்போது ட்ராக் ஓடும் திசை. மேலே பார்த்தால் முன்னோக்கியும், தரையில் பார்த்தால் பின்னோக்கியும் இருக்கும். இங்கே குழப்பம் எங்கே வருகிறது என்றால், வண்டியை மல்லாத்தியோ சாய்த்தோ வைத்துத்தான் வேலை செய்கிறோம். அப்போது கண்ணுக்குத் தெரிவது அடி ஓட்டம். அதில் அம்பு பின்னோக்கி இருப்பதைப் பார்த்துவிட்டு, "தப்பாகப் போட்டுவிட்டார்கள்" என்று சரியாக இருந்ததைத் திருப்புகிறவர்கள் உண்டு.

ஒரு வித்தியாசம். ஸ்னோமொபிலில் ட்ராக்கை ஓட்டும் பற்சக்கரங்கள் முன்னால் இருக்கின்றன. ஆகவே முன்னே போகும்போதே மேல் ஓட்டம்தான் இழுபடும், மெக்கானிக் அண்ணன் சொன்ன எக்ஸ்கவேட்டரின் பின்னோட்டம் போல. ஸ்ப்ராக்கெட் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பின்பக்கம் தீர்மானிக்கும் வழி இங்கே செல்லாது. நல்லவேளை, முன்னால் ஸ்கீ என்ற சறுக்குக் கட்டை நீட்டிக்கொண்டிருப்பதால் முன்பக்கம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

மாட்டும் வேலையும் இங்கே பெரிது. அடியில் இருக்கும் சஸ்பென்ஷன் சட்டம் முழுவதையும் இறக்க வேண்டும், பக்கத்தில் செயின் பெட்டியைத் திறந்து ஓட்டும் அச்சைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் பூட்டி எண்ணெய் ஊற்றிய பிறகு அம்பு தலைகீழ் என்று தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் பழைய ட்ராக்கைக் கழற்றும் முன் வண்டியின் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு பெரிய அம்பு போட்டுவிடுவேன், புது ட்ராக்கிலும் ஒன்று. அச்சைப் பூட்டுவதற்கு முன் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று வேறொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன்.

#14 பொங்கோல் ராஜா

அருமையான பதிவு. அம்பே இல்லாத ட்ராக் வந்தால்?

#15 ஆல்பர்ட்டா பனி

ஸ்னோமொபில் என்றால் துடுப்பின் குழிந்த முகத்தைப் பாருங்கள். ட்ராக் ஓடும் திசையை அந்த முகம் பார்க்க வேண்டும்: மேலே இருக்கும் துடுப்பில் முன்னோக்கி, தரையில் இருக்கும் துடுப்பில் பின்னோக்கி. வி டிசைன் என்றால் தஞ்சை அண்ணன் சொன்னது போலக் கூர்முனை முதலில் தொட வேண்டும். ஆனால் தயாரித்தவர் அம்பு போட்டிருந்தால் அதுதான் கடைசித் தீர்ப்பு, நம் ஊகத்தை அதற்கு மேல் வைக்க வேண்டாம்.

#16 கிராஞ்சி மெக்கானிக்

கேலாங் தம்பி, நீங்களே கழற்றப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். திசையைவிட முக்கியமானது இது.

ட்ராக்கை இறுக்கிப் பிடிப்பது ஐட்லருக்குப் பின்னால் இருக்கும் கிரீஸ் சிலிண்டர். உள்ளே அழுத்தம் மிக அதிகம். தளர்த்த வேண்டுமென்றால் கிரீஸ் வால்வை ஸ்பேனரால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். முழுவதும் கழற்றவே கூடாது, அது குண்டு மாதிரி பறக்கும். முகத்தை நேராக வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். பீறிடும் கிரீஸ் தோலுக்குள் புகுந்துவிட்டால் வெளியே ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுகிக்கொண்டிருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்து "அழுத்தத்தில் கிரீஸ் புகுந்துவிட்டது" என்றே சொல்லுங்கள். உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

பிளேடையும் பூமையும் (தோண்டும் கை) ஊன்றி வண்டியைத் தூக்கிய பிறகு சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கீழே கையை விடாதீர்கள். கிரீஸ் வெளியேறாமல் அடைத்துக்கொண்டால், ட்ராக்கைத் தரையிலிருந்து தூக்கியபடியே மெதுவாக முன்னும் பின்னும் சுற்றிப் பாருங்கள்.

கழற்றும்போது ஐட்லர் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். மாட்டும்போது முதலில் ஸ்ப்ராக்கெட் பற்களில் உட்கார வைத்து, பிறகு ஐட்லர் மேல் ஏற்றுங்கள். பூட்டியதும் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, உட்பற்கள் ரோலருக்கு (ட்ராக்கின் உள்ளே கீழ்ப்பக்கம் வரிசையாக இருக்கும் சிறு உருளைகள்) சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

#17 யீஷூன் அக்கா

எங்கள் கம்பெனியில் உதிரிபாகம் வாங்குவது என் வேலை, அதனால் ஒரு சின்னத் தகவல். ட்ராக் அளவு 300×52.5×84 என்ற மாதிரி மூன்று எண்களாக உட்பக்கத்தில் அச்சாகி இருக்கும்: அகலம், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி, மொத்தப் பற்கள். முதல் இரண்டும் மில்லிமீட்டர். டிசைன் எது என்பது இந்த எண்களில் வராது. நீங்கள் பிளாக் கேட்டு வி வந்திருக்கிறது என்றால் ஆர்டரில் டிசைன் எழுதாமல் விட்டிருப்பார்கள். அடுத்த முறை எழுதியே கொடுங்கள். முன்னும் பின்னும் நாளெல்லாம் ஓடும் வண்டிக்கு நான் பிளாக்தான் வாங்குவேன், திசை பற்றிய தலைவலியே வராது.

#18 கேலாங்வாசி

பழைய பதிவுகளை எல்லாம் போர்மேனிடம் காட்டினேன். தடத்தை நேரில் வந்து பார்த்தார், அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்தே ஆள் வரவழைத்து வலப்பக்கத்தை மட்டும் திருப்பி மாட்டச் சொன்னார். கட்டை கொடுத்துத்தான் வேலை நடந்தது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். இரும்புப் பற்கள் சரிநடுவில்தான் இருந்தன, அளந்தோம்.

சாயங்காலம் மழை விட்டதும் களிமண்ணில் ஓட்டினோம். நேராகப் போகிறது. இரண்டு தடத்திலும் வி-யின் வாய் முன்னால் பார்க்கிறது, நடுவில் மண் அப்பவில்லை. பின்னால் வரும்போது பிடிப்பு கொஞ்சம் குறைகிறது, ஆனால் இழுக்கவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. வலப்பக்க ட்ராக் இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் தொங்குகிற மாதிரி தெரிகிறது. எவ்வளவு தொங்கலாம்?

#19 கிராஞ்சி மெக்கானிக்

நல்லது தம்பி. அந்தப் பக்கத்தைத் தூக்கி, நடு ரோலரின் அடிக்கும் ட்ராக்கின் உட்பரப்புக்கும் இடையே உள்ள இடைவெளியை அளங்கள். பல மினி வண்டிகளுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் சொல்வார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ராக்கில் இணைப்பு அடையாளம் இருந்தால் அதை மேல் ஓட்டத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அளங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கட்டும். புது ரப்பர் முதல் சில நாள் ஓட்டத்தில் கொஞ்சம் நீளும், ஆகவே வார இறுதியில் மறுபடி அளந்து தேவைப்பட்டால் கிரீஸ் அடியுங்கள். அளப்பதற்கு முன் ரோலர் இடுக்கில் இருக்கும் களிமண்ணைக் கழுவிவிடுங்கள், காய்ந்த களி இருந்தால் ட்ராக் இறுக்கமாக இருப்பது போலப் பொய்க்கணக்குக் காட்டும்.

#20 துவாஸ் ஆபரேட்டர்

என் வண்டியும் வி டிசைன்தான். காலையில் தடத்தைப் பார்த்தேன், இரண்டும் சரியாக இருக்கின்றன. தொங்கலை நாளைக்கு அளக்கிறேன்.